உட்கார்ந்து கேட்டால் என்னுடையது

பாடுகிறவருக்குத் தன் குரல் தெளிவாகக் கேட்பது முக்கியமா, உடனே கேட்பது முக்கியமா? இத்தனை ஆண்டுகள் இதே வேலையில் இருந்தும் எனக்கு விடை தெரியாது. ஜெசிந்தாவுக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளை அறிந்த உங்களுக்கு இதை எழுதும்போது, அந்த நம்பிக்கையைக் கண்டு எனக்குப் பொறாமை என்பதை மறைக்க விரும்பவில்லை.

செய்தி காலையில் வந்தது. புதுக்கோட்டையில் எங்கள் அலுவலகம் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடி. மில் ஓடத் தொடங்குவதற்கு முன்புதான் ஒலியைக் கேட்டுச் சோதிக்க முடியும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஃபோனை எடுத்தேன். அவள் கணவர் அருள். "சுதா, ஜெசி போயிட்டா. எழுப்புனேன், எந்திரிக்கல." 

எதிரே திரையில் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய ஈக்வலைசர் ப்ளகின் திறந்திருந்தது. குரலில் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கிற மென்பொருள். அதில் இரண்டு பொத்தான்கள். 'தெளிவு' நான் எழுதியது. ஒலியின் எல்லாப் பகுதிகளையும் சிதறாமல் ஒன்றாக அனுப்பும். அதற்காகச் சற்றுக் காத்திருந்து சேகரிப்பதால் குரல் ஒரு கணம் தாமதமாக வரும். 'உடனடி' அவள் எழுதியது. காத்திருக்காது, ஆனால் ஒலியின் விளிம்பு கொஞ்சம் கலங்கும். புதிய பதிப்பைத் திறந்ததும் எது முதலில் நிற்க வேண்டும் என்ற சண்டை எங்களுக்குள் முடியாமல் இருந்தது. இனி என்னை மறுக்க ஆளில்லை என்பதுதான் அழுகைக்கு முன்பு எனக்குத் தோன்றியது.

பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். மாணவர்கள் சந்தேகம் கேட்கப் போனது அவளிடம். அப்போது தொடங்கியது இந்தப் பொறாமை.

அரிமளம் பக்கம் அவள் ஊர் மாதா கோயிலின் பாடகர் குழுதான் எங்கள் சோதனைக் கூடம். காதில் இயர்போன் மாட்டி, தங்கள் குரலைக் கணினி வழியாகக் கேட்டுக்கொண்டே பாடுவார்கள். ஒருமுறை இரண்டு வழிகளிலும் பதிவு செய்து, எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். எல்லோரும் என்னுடையதையே தேர்ந்தெடுத்தார்கள். ஜெசிந்தா சிரித்தாள். "ஒக்காந்து கேட்டா ஒன்னுது. நின்னு பாடுனா என்னுது." நான் ஒலி வரைபடத்தைக் காட்டினேன். "கோடு நேராத்தான் இருக்கு சுதா. பாடுற ஆளுதான் கோணலா நிக்கிறாக."

குழுவின் மூத்த பாடகி பிலோமினா. ஒருநாள் ஜெசிந்தா எதையோ மாற்றி வைத்ததில் குரல் தாமதமாக வந்தது. பிலோமினா பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தினார்: "ஏண்டி ஜெசி, எங்குரலு ஆவுடையார்கோயில் போயிட்டு வருதா?"

"டவுன் பஸ்ஸுல வருதுக்கா. செத்த இருங்க."

"நீ எறங்கித் தள்ளுடி!"

கோயிலே சிரித்தது. அடுத்த வாரம் 'தெளிவு' பொத்தானைப் போட்டுவிட்டு நான் பிலோமினாவிடம் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்குங்க மேடம்" என்றார். எதையும் எளிதில் நம்பாத நான் அதை நம்பினேன். திரும்பும் வழியில் ஜெசிந்தா சொன்னாள்: "ஒங்கிட்ட வாயால சொல்ல மாட்டாக. காதைக் கழட்டுறாகளான்னு பாரு."

அவளுடைய கணக்கறிவைக் கண்டு நான் பொறாமைப்பட்டதில்லை. அது என்னிடமும் இருக்கிறது. அவளை 'ஏண்டி' என்று திட்ட இத்தனை பேர் இருந்தார்கள். குறையை அவளிடம் அந்த நொடியே சொன்னார்கள். எனக்கு மரியாதைதான் கிடைத்தது. செய்தி வந்த அன்று அவள் வீட்டு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோதும், எனக்கு இதில் பாதி வருமா என்றுதான் நினைத்தேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியம்: காதைக் கழற்றுகிறார்களா என்று பார்.

மறுநாள் கோயிலில் அடக்கத் திருப்பலி. ஒலிக்கு என்னை உட்காரச் சொன்னார்கள். அவள் நாற்காலி, அவள் ஹெட்போன். 'தெளிவு' பொத்தானை அழுத்தினேன். அவளுக்கு நான் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை அதுதான் என்று உண்மையிலேயே நினைத்தேன். முதல் பாட்டின் இரண்டாவது அடியில் பிலோமினா ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்து, தோள்மேல் தொங்கவிட்டார். பக்கத்தில் நின்றவரும் எடுத்தார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பாட்டு மெல்ல இழுத்துக்கொண்டே போய் முடிந்தது.

விவிலிய வாசகம் வாசிக்கப்பட்டபோது 'உடனடி'க்கு மாற்றினேன். அடுத்த பாட்டு எழுந்தது. சிறிது நேரத்தில் பிலோமினாவின் கை தோளுக்குப் போனது. இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மற்றவரும் மாட்டினார். பாட்டு நிமிர்ந்து நடந்தது.

அது முடிந்ததும் பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் முணுமுணுத்தார். மைக் திறந்திருந்ததை மறந்துவிட்டார்.

"பாத்தியா, ஜெசி வந்துட்டா."

ஹெட்போனில் அது எனக்குக் கொஞ்சமும் தாமதமில்லாமல் கேட்டது.