பால் துணியும் பழைய வலையும்

எனக்குப் பூனை என்றாலே ஆகாது. வீட்டுக்கு நல்லது என்பார்கள், எலி பிடிக்கும் என்பார்கள், பாவம் வாயில்லா ஜீவன் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் துணிக்குச் சாயம் எழுதுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் இல்லை. நான் வாழ்க்கைப்பட்டேன். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. என் வீட்டுக்காரர் கப்பலில் போகும் துணிகளுக்குப் பூவும் கொடியும் மரமும் எழுதுகிறவர். அவர் எழுதுவார், நான் காவல் காப்பேன். இருபது வருஷம் அதுதான் என் வேலை.

துணிக்கு எதற்குக் காவல் என்று கேட்கலாம். எழுதுவதற்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்போம். பால் குடித்த துணியில்தான் மை வைத்த இடத்தில் நிற்கும். பால் இல்லாத இடத்தில் கோடு போட்டால் ஊறிப் பரவிவிடும். ஊறிய துணியைப் பிழிந்து தோட்டத்தில் பாய்களின் மேல் விரித்து இரண்டு நாள் காயவிடுவோம். வெயில் ஏற ஏறப் பால் வாசனை தெருவைத் தாண்டிப் போகும். எங்கள் தோட்டத்துக்குத் தெற்கே மீனவர் குப்பம். காலையெல்லாம் மீன் தலை தின்று கொழுத்த குப்பத்துப் பூனைகளுக்கு உச்சிவேளை ஆனால் பால் கேட்கும்.

பூனை துணிமேல் நடந்துபோனால்கூட மன்னித்துவிடுவேன். கால்தடம் தெரியும், தட்டிவிடலாம். நக்கினால்தான் மோசம். நக்கிய இடம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காய்ந்தபின் துணி முழுக்க ஒரே மங்கல் மஞ்சளாக இருக்கும். எழுதுகோல் அந்த இடத்தைத் தொடும்போதுதான் குட்டு வெளிப்படும். மயிரிழை மாதிரி வந்துகொண்டிருந்த கோடு கண்ணெதிரே பருத்துக் கம்பளிப்பூச்சி ஆகிவிடும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்த கறுப்பு அது. பட்டது பட்டதுதான், எந்தத் தண்ணீருக்கும் போகாது.

ஒரு வருஷம் அப்படி இரண்டு துணி பாழாயின. எங்களிடம் துணி வாங்கிக் கோட்டைக்குக் கொடுத்தவர் பொன்னேரிப் பக்கத்து வியாபாரி ஒருவர். நாங்கள் குடியிருந்த வீடு, தோட்டம், கிணறு எல்லாம் அவருடையவை. ஏரி உப்பு, ஊரில் பாதிக் கிணறு உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் சாயவேர்ச் சிவப்பு சிவப்பாக எடுக்கும். மற்றக் கிணறுகளில் அது செங்கல் நிறத்தோடு நின்றுவிடும். அந்தக் கிணறு இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் கையில் எத்தனை வித்தை இருந்தும் பயனில்லை. பாழான துணியைப் பார்த்த வியாபாரி குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னொரு துணி இப்டி வந்துதுன்னா, இங்க வேற குடும்பத்த வெச்சிடுவேன். இந்தக் கெணத்துக்கு நாலு பேரு காத்துகினு கீறாங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காரைமுள் வெட்டி அடைத்தேன், பூனைகள் முள்ளுக்குக் கீழே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வந்தன. கீழே பனைமட்டை நட்டேன், மேலே ஏறிக் குதித்தன. வெல்லப் பானையைத் தேடி மரநாய் வந்தது, அதன் பின்னால் கீரி வந்தது. ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டினேன். அது முதல் நாளே துணிமேல் படுத்து நன்றாகத் தூங்கியது. என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாயையும் விரட்டினேன், அவருக்கும் அன்று குழம்பு ஊற்றவில்லை.

அடுத்த வருஷம் ஒரே ஒரு பெரிய விரிப்பு எழுதச் சொல்லி வந்தது. இரண்டு ஆள் நீளம். நடுவில் பாறை, பாறையிலிருந்து ஒரு மரம், மரம் நிறையப் பூ. மாதிரித் துணி ஒன்றும் கூடவே வந்தது. அதில் இருப்பதில் ஒரு இலை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாடைக்காற்று திரும்புவதற்குள் கப்பல் போய்விடும். ஊறவைக்க, காயவைக்க, எழுத, சாயம் ஏற்ற என்று நாளை எண்ணிப் பார்த்தால் மறுபடி ஒருமுறை ஊறவைக்க நேரமில்லை.

நான் வேலியோரம் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்ததைக் குப்பத்துப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தாள். கணவனும் மகன்களும் ஏரிக்குப் போகிறவர்கள். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது.

"இதுக்கா இம்மாம் பயம்? எங்கூட்ல பழைய வலை மூணு சும்மாதான் கெடக்குது. வேலிய சுத்திக் கட்டிடு தங்கச்சி. மீனே வெளில போவாதுன்னா, பூனையா உள்ள வரும்?"

எனக்கு உயிர் வந்தது. அவளுடைய மகன்களே வந்து கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு, மடித்து இரண்டு மடிப்பாக, அடியில் வலைக் குண்டுகளை மண்ணில் புதைத்து, ஒரு விரல் நுழையாதபடி இழுத்துக் கட்டினார்கள். என் வீட்டுக்காரரும் முடிச்சுப் போட்டார். நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்தோம். ஊரே வந்து பார்த்து நல்ல யோசனை என்றது. அன்று பாலில் ஊறிய விரிப்பைப் பாயில் போட்டுவிட்டு, பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். வேலிக்கு வெளியே ஒன்பது பூனைகள் உட்கார்ந்திருந்தன. வழக்கமாக வருகிற மூன்று தவிர மீதியெல்லாம் புது முகங்கள். கல்லை விட்டெறிந்தேன், எழுந்து நாலடி தள்ளி உட்கார்ந்தன. வெயில் ஏறியபோது பதினாலு. கோட்டை வாசலில் நான் பார்த்திருந்த ஒற்றைக் கண் கடுவன் பூனையும் வந்துவிட்டது. கிழக்குப் பக்கம் ஒரு நரி பகலிலேயே வலையைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது. ஏரியிலிருந்து நீர்நாய் இரண்டு மணலில் ஏறி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. இந்தத் துணியில் அப்படி என்ன பால் ஊற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

"அக்கா, இன்னும் வலை கீதா?" என்று ஓடினேன்.

அவள் இருந்த ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள்தான் ஏரியிலிருந்து எடுத்தது. அதையும் கட்டினோம். மத்தியானத்தில் பூனைகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வியாபாரி வந்தார். தெரு முனையிலேயே மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடினார், நான் பின்னால் நின்றேன்.

"இன்னாப்பா இது நாத்தம்? கொடலப் பொரட்டுது!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன நாற்றம்?

"வலை சாமி. பூனை வரக்கூடாதுன்னு கட்டினது" என்றார் இவர்.

வியாபாரி வலையைப் பார்த்தார். கண்ணிகளில் செதிலும் நண்டுக்காலும் காய்ந்து ஒட்டியிருந்தன. "மீனு வலையக் கட்டி வெச்சிகினு பூனை வருதுன்றியா? நாலு பக்கமும் நீயே கருவாடு கட்டி வெச்சிகீற!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து மீன் வாசனையில் கிடக்கும் ஊர். எங்களுக்கு அது காற்று. நானும், இவரும், அக்காவும், அவள் மகன்களும், வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேரும் அந்த வலையைத் தொட்டோம். ஒருவர் மூக்கிலாவது ஏற வேண்டுமே! வலையை அறுத்தெறிய அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடினேன்.

விரிப்பின் நடுவில் ஒற்றைக் கண் கடுவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தது.

நரி கடித்து வைத்த ஓட்டை வழியாக வந்திருக்கும். என்னைப் பார்த்ததும் அதே வழியாகப் போய்விட்டது. நக்கியதா, முகர்ந்ததா, எனக்குத் தெரியாது. எங்கே நின்றது என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நடுவில், அவ்வளவுதான். வாசலில் வியாபாரி நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் தோட்டம் போயிற்று. திறக்கவில்லை.

அவர் போனபின்பாவது சொல்லியிருக்கலாம். இவர் வலை விஷயத்தை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வியாபாரியே சிரித்துவிட்டுப் போனதில் மனுஷனுக்கு அவ்வளவு நிம்மதி. அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, மறுபடி ஊறவைக்க நாளா இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கிணற்றடியில் இருந்த நேரத்தில் துணிமேல் குனிந்து ஒவ்வொரு சாணாக முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. பால் ருசி இருக்கிறதா என்று ஓரிடத்தில் நாக்கை வைத்தும் பார்த்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, பூனை செய்ததோ இல்லையோ, இப்போது நானே நக்கிவிட்டேன் என்று. தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் எழுத ஆரம்பித்தார். அவருடைய கோல் மூங்கில் குச்சி. நுனிக்கு மேலே மயிரும் துணியும் உருண்டையாகச் சுற்றியிருக்கும். உருண்டையை மையில் நனைத்து விரலால் மெல்ல அமுக்க அமுக்க நுனியில் மை இறங்கும். விரல் கொஞ்சம் அழுத்திவிட்டால் சொட்டிவிடும். இவர் கையில் ஒருநாளும் சொட்டியதில்லை. நுணுக்கமான எழுத்து வேலை என்றால் வியாபாரி இவரைத்தான் தேடுவார். கரையிலிருந்து தொடங்கி உள்ளே உள்ளே வந்தார். முதல் நாள் கரை. இரண்டாம் நாள் ஓரத்துப் பூக்கள். நான் நாலு முழம் தள்ளி உட்கார்ந்து கடுக்காய் உடைப்பதுபோல அவர் கையையே பார்த்தேன். இரண்டு முறை விரலில் கல்லைப் போட்டுக்கொண்டேன்.

"இன்னா இப்டி முறைக்கிற?" என்றார்.

"ஒண்ணுமில்ல, எழுதுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் கோல் நடுவுக்கு வந்தது. மரத்தின் தண்டு பாறையிலிருந்து கிளம்பும் இடம். கடுவன் நின்றது அங்கேதான் என்று அந்த நொடி எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கோல் நுனி துணிக்கு ஒரு விரற்கடை உயரத்தில் இருந்தது. மூன்று நாளாக அடக்கிவைத்தது தொண்டையை உடைத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, வேணாம்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கை திடுக்கிட்டது. ஒரு சொட்டு விழுந்தது.

மிளகு அளவுதான் இருக்கும். மஞ்சள் துணியில் அது கறுத்துக்கொண்டு வருவதை இருவரும் பார்த்தோம். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கடுவன், ஓட்டை, என் நாக்கு உட்பட. அவர் கோலை மறுபடி நனைத்து, நான் பயந்த இடத்திலேயே வைத்துத் தண்டை மேலே இழுத்தார். கோடு மயிரிழையாக நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் நின்றது. விழுந்த சொட்டும் பரவாமல் உருண்டையாக அப்படியே நின்றது. அந்த இடத்தில் பால் முழுசாக இருந்தது.

"பூனை ஒண்ணும் பண்ணல" என்றார்.

பிறகு அந்தச் சொட்டைச் சுற்றி இரண்டு சிறு இதழ் எழுதி, தண்டோடு ஒரு காம்பால் சேர்த்தார். பார்த்தால் ஒரு மொட்டு.

சாயம் ஏற்றித் துவைத்துக் காயவைத்த விரிப்பை வியாபாரி மாதிரித் துணியோடு சேர்த்து விரித்தார். சிவப்பு நெருப்பாக எடுத்திருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் மொட்டில் நிறுத்தினார்.

"இது மாதிரில இல்லியேப்பா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கை நடுங்கிடிச்சி சாமி. சொட்டு விழுந்துது, மொட்டாக்கிட்டேன்."

வியாபாரி வெகுநேரம் இவர் கையைப் பார்த்தார். பிறகு துணியைச் சுருட்டச் சொன்னார். தோட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கப்பல் போயிற்று. கிணறும் வீடும் எங்களோடு இருந்தன.

அடுத்த பருவத்தில் துணிகள் வந்தன. பிரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு ஏற்கெனவே எழுதியிருந்தது. வேறு யாரோ எழுதியது. எங்கள் கிணற்றில் சிவப்பு ஏற்றிக் கொடுத்தால் போதும் என்று வியாபாரியின் ஆள் சொல்லிவிட்டுப் போனான். கை நடுங்குகிறவரிடம் யார் எழுத்து வேலை கொடுப்பார்கள்? அதற்குப் பின் பதினோரு வருஷம் என் வீட்டுக்காரர் பானையில் துணியை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். பொன்னேரிக்கு நடந்துபோய், கத்தினது நான்தான், அவர் கை நடுங்காது என்று வியாபாரியிடம் சொல்ல எனக்கு ஒரு காலைப்பொழுது போதும். நான் போகவில்லை. சொன்னால் தோட்டம் போய்விடுமோ என்று பயம்.

எழுதி முடித்து வருகிற துணிக்குப் பால் காவல் தேவையில்லை. பூனைகள் வரும், நிழலில் படுக்கும், போகும். நான் விரட்டுவதை நிறுத்திவிட்டேன். அவருடைய எழுதுகோலை மட்டும் கூரையில் செருகி வைத்திருந்தேன். அவர் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.