ஆலிவ் தோட்டத்து பாய்லர்

உடையப்பன் சிவகங்கைப் பக்கத்து ஆள். தம்மாமில் வெல்டிங் பட்டறையில் பல வருடம் இருந்தவர். சவூதி என்றாலே வெயில்தான் என்று நினைத்திருந்தார். விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் அண்ணன் அபு நாஸருக்கு வடக்கே சகாகா நகரை ஒட்டி ஆலிவ் தோட்டம் உண்டு. அங்கே ஆள் தேவைப்பட்டதால் டிசம்பரில் அவரை அனுப்பி வைத்தார்கள். போய் இறங்கிய மறுநாள் காலையில் பிக்கப் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. யாரோ உப்பைக் கொட்டியிருக்கிறார்கள் என்று எண்ணித் தொட்டவருக்கு விரல் விறைத்துப் போனது.

அவருக்குக் கொடுத்த வேலை பாய்லர். அபு நாஸர் அந்த வருடம்தான் அதை வரவழைத்திருந்தார். வீட்டிலிருந்து தள்ளி, தகரக் கொட்டகை அளவுக்கு நின்றது. உள்ளே விறகு எரியும். அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகி, மண்ணுக்கடியில் ஓடும் குழாய் வழியாகப் பெரிய வீட்டுக்குப் போய்த் தரையையும் சுவரையும் கதகதப்பாக்கும். தோட்டத்தில் பட்டுப்போன ஆலிவ் மரங்கள் ஏராளம். அவற்றை வெட்டிப் போட்டு, சாம்பலை அள்ளி, தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உடையப்பன் பொறுப்பு.

முதல் வாரமே பாடம் கிடைத்தது. விறகு போடக் கதவை ஒரே இழுப்பில் திறந்தார். உள்ளே அடங்கிக் கிடந்த நெருப்பு காற்றைக் கண்டதும் முகத்தை நோக்கிப் பாய்ந்தது. புருவம் கருகிவிட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து டிரைவர் கலீலுர் ரஹ்மான் ஓடி வந்தார். ராமநாதபுரத்துக்காரர், அதே அறையில் தங்குபவர். சிரிக்க வாயெடுத்தவர், இவர் எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து உடையப்பன் கதவை விரலளவு திறந்து, ஒதுங்கி நின்று, நெருப்பு மூச்சு விட்ட பிறகே முழுதாகத் திறப்பார்.

ஜனவரியில் குளிர் இன்னும் கடுமையானது. பெரிய வீட்டில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினார்கள். உடையப்பனும் ரஹ்மானும் தங்கியிருந்த அறைக்குச் சூடு வரவில்லை. மின்சார ஹீட்டர் போட்டால் ஃப்யூஸ் போனது. காலுறைக்கு மேல் காலுறை போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒருநாள் மாலை, பாய்லரிலிருந்து கொஞ்சம் கங்குகளைப் பழைய நெய் டப்பாவில் அள்ளி அறைக்குள் வைக்கலாம் என்றார் ரஹ்மான். உடையப்பனுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. டப்பாவை அறை நடுவில் வைத்து, ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக இருவரும் நிம்மதியாகப் படுத்தார்கள்.

விடியலில் பாய்லருக்கு விறகு போட வேண்டும். அதற்காக வைத்திருந்த அலாரம் எங்கோ பக்கத்துத் தோட்டத்தில் அடிப்பதுபோல் உடையப்பனுக்குக் கேட்டது. எழுந்தார். முழங்கால் நிற்கவில்லை. தலை பிளந்துவிடும்போல் வலித்தது. காய்ச்சல் என்று நினைத்தார். நெருப்பு அணைந்தால் வீட்டில் கேள்வி வரும் என்ற ஒரே எண்ணத்தில் சுவரைப் பிடித்து நகர்ந்து கதவைத் திறந்தார். வாசலிலேயே விழுந்து வாந்தி எடுத்தார். குளிர்காற்று பட்டுச் சற்றுத் தெளிந்தபோதுதான் உறைத்தது: தினமும் தொழுகைக்குத் தனக்கு முன்னால் எழுகிற ரஹ்மான் இன்று எழவில்லை.

“பாய்” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், போர்வையோடு சேர்த்து ரஹ்மானை வெளியே இழுத்தார். முகம் தூங்குகிறவர் முகம்போலவே இருந்தது. உலுக்கினால் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது. அறைக்குள் துளிப் புகை இல்லை. அதுதான் உடையப்பனைக் கதிகலங்க வைத்தது. பிக்கப்புக்குள் ஏறி ஹாரனை அழுத்தியவர், அபு நாஸர் கம்பளி அங்கியோடு ஓடி வரும்வரை கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் ஹிஃப்ஸா உருதுவில் விளக்கினார். கங்கிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இன்னும் சிறிது நேரம் படுத்திருந்தால் இருவருமே எழுந்திருக்க மாட்டார்கள் என்றார். மதியம் ரஹ்மான் கண் திறந்தார்.

“உடையப்பண்ணே, ஃபஜ்ர் தொழுகை நேரம் போயிருச்சா?” என்று கேட்டார்.

உடையப்பன் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளேயே அழுதார்.

நெருப்பை ஏன் அறைக்குள் கொண்டுபோனீர்கள் என்று அபு நாஸர் கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

“ரூம் மே ஹீட் மாஃபி, அர்பாப்” என்றார் உடையப்பன், அறைக்குச் சூடே வருவதில்லை முதலாளி என்ற பொருளில்.

அபு நாஸர் நம்பவில்லை. அந்த அறைக்கும் சேர்த்துத்தான் குழாய் போடச் சொல்லியிருந்தாராம். போட்டாயிற்று என்று காண்ட்ராக்டரும் சொல்லியிருக்கிறார். மாலையில் தோட்டத்துக்குத் திரும்பியதும் நேராக அந்த அறைக்குப் போனார். அதுவரை அவர் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. சுவரைத் தொட்டார், தரையைத் தொட்டார், டப்பாவைப் பார்த்தார். அந்தக் குளிரில் அங்கியைக் கழற்ற முடியவில்லை. பிறகு வெளியே போய்க் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அந்த வாரமே பள்ளம் தோண்டிக் குழாய் வந்தது. விஷவாயு வந்தால் கத்தும் கருவி ஒன்றும் சுவரில் ஏறியது.

ரஹ்மானுக்குத் தலைவலி பல நாள் விடவில்லை. வண்டியை எடுக்க அவருக்கே பயமாக இருந்தது. ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் உடையப்பன் இருந்தார். ஆனால் மனைவி ராக்கம்மா போனில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். 

“தெனம் நீங்க கைப்பட மூட்டுற நெருப்புதானா அது?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“இப்ப பக்கத்துல போக பயமா இல்லையா?”

“இருக்கு” என்றார் உடையப்பன்.  பாய்லருக்கு விறகு போடும் நேரமாகிவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்தார்.