ஓட்டில்லாத ஏரிக்கரைத் தெரு

ஷாகிதா டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று மூன்று முறை துடைத்தார்.

கோவில்பதாகையில் நான்கு நகர்களின் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து, மழைநீர்க் கால்வாய் வெட்டுவதற்காகக் கூட்டமைப்பு தொடங்கவிருந்தன. ஷாகிதாதான் செயலாளர். அந்தக் கால்வாய்க்காக எட்டு வருடம் நாயாய் அலைந்தவர். மறுநாள் பதிவு, அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. விதிமுறைகளைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில், நான்கு நகர்களிலும் சேராத ஏரிக்கரைத் தெருவும் இருந்தது. கால்வாய் அந்தத் தெரு வழியாகப் போகும். தெருவைக் கூட்டமைப்பு நிர்வகிக்கும். ஓட்டு மட்டும் கிடையாது.

“அவங்களக் கேட்டீங்களா சார்?”

கூட்டமைப்புத் தலைவர் சண்முகசுந்தரம் பாதுகாப்புத் தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். அங்கே சுற்றறிக்கை ஒட்டிய மூன்று நாளில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

“நம்ம நகர் போர்டுல ஒட்டினேனே டீச்சர். ஒருத்தரும் மறுக்கலை.”

ஏரிக்கரைக்காரர்கள் இந்தப் போர்டை எதற்குப் பார்க்கப் போகிறார்கள்! மனுஷன் நல்லவர்தான், காகிதத்துக்கு வெளியே உலகம் இருப்பதுதான் தெரியாது.

ஷாகிதா பள்ளியில் வரலாறு நடத்துபவர். ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் மூன்று நாடுகளை ஒரே கூட்டாட்சியாகக் கட்டியதையும், அந்த மண்ணின் மக்கள் வேண்டாம் என்றதைக் காதில் வாங்காததால் பத்தே வருடத்தில் அது உடைந்ததையும், பாடத்தில் இல்லாவிட்டாலும் சொல்லுவார். அதே வேலையை நாமும் செய்யப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. நேரே ஏரிக்கரைச் சங்கத் தலைவி தாயம்மாளிடம் போய், விதியைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார்.

“உங்க நகர் மழத்தண்ணி வருசா வருசம் கேக்காமத்தான் எங்க ஊட்டுக்குள்ள வந்துகினு கீது. கேட்டுகினு வந்த மொத ஆளு நீதான் டீச்சரம்மா. ஆனா ஓட்டு இல்லாங்காட்டி இங்க ஒருத்தரும் வர மாட்டாங்க.”

ஷாகிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து சொன்னார்.

“அப்ப பேரை எடுத்துடலாம்” என்றார் சண்முகசுந்தரம்.

“பேரை எடுத்தா கால்வாயையும் எடுக்கணும் சார். பேர் இருந்தா ஓட்டும் இருக்கணும். இல்லேன்னா வேற செயலாளரைப் பாருங்க.”

சண்முகசுந்தரம் அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு பதிவை ஒரு வாரம் தள்ளிப்போட்டார். மறுநாள் காலை, ஏரிக்கரைத் தெருவுக்கு ஐந்தாவது ஓட்டை எழுதிய தாளோடு தாயம்மாள் வீட்டுக்கு அவரே போனார்.

“இது உங்களுக்குச் சம்மதமாம்மா?”

தாயம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“குந்து சார். எங்க தெருவுல எல்லாரையும் கேட்டுட்டு வந்து சொல்றேன்.”