வேலிக்கு வெளியே சாப்பாடு புதைத்த நாய்

"...இப்பல்லாம் என் வீட்டுத் தட்டுல மட்டும்தான் அண்ணே சாப்பிடுது. வெளிய ஒண்ணுமே கொண்டுபோறதில்ல. வேணும்னா சம்பந்தியக் கேளுங்க லா," என்றார் நாயை வளர்க்கும் அக்கா, ரப்பர் தோட்டத்து கேட்டில் நின்ற காவல்காரரிடம். சம்பந்தி நான்தான். பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினேன்.

அந்தப் பட்டம் வந்த கதை இது. மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது ஜாசின் ஊர் மிருக ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. கப்பலேறிப் போன துரைமார் விட்ட நாய்களும், மார்க்கெட்டில் திரிந்தவையும் எங்கள் கொட்டகைக்கு வரும். கேட்கிறவர்களுக்குக் கொடுப்போம். கொடுத்ததோடு விடாமல் நான் பஸ் பிடித்துப் போய், கடிக்கிறதா, ஊளையிடுகிறதா என்று விசாரித்து, பழக்குகிற வழியும் சொல்லிவிட்டு வருவேன். "பொண்ணக் கட்டிக் குடுத்தவரு மறுவீட்டுக்கு வந்துட்டாருடி," என்று லயத்தில், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளில், சிரிப்பார்கள். எனக்கும் வாயெல்லாம் பல்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் இந்த அக்கா தனியாள். ஆசையாகக் கூட்டிப்போன நாயோ, கிடைத்ததையெல்லாம் கவ்விக்கொண்டு கேட்டைத் தாண்டி, ரப்பர் மரத்தடியில் புதைத்தது. வேறு காலமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அப்போது லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக்கூடாது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வேலைக்குப் போகிறவர்களையே தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். "இன்னொரு தடவ எதையாச்சும் தூக்கிக்கிட்டுப் போச்சுன்னா நாய் ஜாசினுக்கே திரும்பிரும்," என்று சொல்லிவிட்டார் காவல்காரர். திரும்பி வந்த நாய்க்குக் கொட்டகையில் இடமில்லை, துப்பாக்கிதான். அக்காவுக்கு அது தெரியும்.

நான் போய் உட்கார்ந்து கவனித்தேன். அனாதை நாய் என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், லயமே விருந்து வைத்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் மரவள்ளி, ஒரு வீட்டில் கருவாட்டுத் தலை, ரேஷன் அரிசியில்கூட அதற்கொரு பங்கு. புதுமருமகளுக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது. தின்று மாளாததை அது புதைக்காமல் என்ன செய்யும்?

வீடு வீடாகப் போய்க் கும்பிட்டேன். அக்கா கையால் மட்டும், ஒரே தட்டில், நேரத்துக்கு; வேறு யாரும் போடக்கூடாது என்றேன்.

"வாயில்லாத ஜீவனுக்குப் போடாதேன்னு சொல்ற சம்பந்திய இப்பத்தான் பாக்குறேன்," என்றார் அடுத்த வீட்டுப் பெரியம்மா. முறைத்தாலும் கேட்டுக்கொண்டார். தட்டைப் பளபளவென்று நக்கிவிட்டு நாய் வாசலிலேயே படுக்க ஆரம்பித்தது. புதைப்பது நின்றது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அக்கா அன்று சாயங்காலம் என்னை பஸ்ஸுக்கு வழியனுப்ப கேட்டுவரை வந்து, காவல்காரரிடம் அப்படிப் பெருமையடித்தது.

பேச்சு முடியவில்லை, பின்னால் ஓட்டமும் நடையுமாக நாய் வந்தது. வாயில் ஒரு முழுத் தோசை. அதற்கும் பின்னால் பெரியம்மா, "நல்லா திருந்திருச்சேன்னுதான், ஒண்ணே ஒண்ணு..." என்று இழுத்தார்.

காவல்காரர் தோசையைப் பார்த்தார். நாய் கேட்டைப் பார்த்தது. அக்கா குனிந்து அந்தத் தோசையை உருவினார், மண்ணைத் தட்டிச் சுருட்டினார், காவல்காரரைப் பார்த்தபடியே தன் வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார்.