அந்தோனியார் டைரக்டரியும் சவரி அண்ணனும்

சவரி அண்ணன் நேற்று மாலை போய்விட்டார்...

அவர் மகள் பிலோமினா வாட்ஸ்அப்பில் இரண்டே வரி அனுப்பியிருந்தாள். டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. சவரிமுத்து. பாடாங் மேஹா ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். எண்பதுகளின் கடைசியில், சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடி ஆபீஸில் நானும் அவரும் புரோகிராம் எழுதினோம். கம்பெனிக்கு முக்கியத் தொழில் டைப்ரைட்டர் ரிப்பேர். சாஃப்ட்வேர் டிபார்ட்மெண்ட் என்றால் ஒரு மேசை, நாங்கள் இரண்டு பேர்.

அவர் மெக்கானிக்காக வந்து, புத்தகத்தைப் புரட்டியே கம்ப்யூட்டர் கற்றவர். நான் டிப்ளோமா முடித்துச் சேர்ந்து மூன்று மாதம். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது...

பாலிங் பக்கம் ஒரு ரப்பர் ஃபேக்டரி எங்களைக் கூப்பிட்டது. தினமும் வரும் ரப்பர் பாலின் தரத்தைக் கம்ப்யூட்டர் கிராஃபாக வரைந்து காட்ட வேண்டும். வரைகிற வேலைக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தமாக எழுதிய புரோகிராம் தொகுப்பு, வாங்கினோம். இரண்டு ஃபிளாப்பி.

"தர்ட் பார்ட்டி லைப்ரரின்னா என்னாண்ணே?"

"நாமளும் எழுதல, கம்ப்யூட்டர் செஞ்சவனும் எழுதல. மூணாவது ஆளு எழுதினது. கார் இன்ஷூரன்ஸ் மாரிதான் தங்கச்சி. மோதுனா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான்."

மோதியது. லைப்ரரி எந்த டைரக்டரியில், அதாவது எந்த ஃபோல்டரில், இருக்கிறது என்று, புரோகிராமைக் கோத்துத் தரும் பில்ட் ஃபைலில் பாதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் "காணோம்" என்று நின்றுவிடும். மூன்று நாள் காணோம், காணோம், காணோம்...

நாலாம் நாள் நான் போனபோது பில்ட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டரிக்குப் புதுப் பெயர்: ANTONIAR.

எங்கள் வீட்டு மளிகைக் கடையில் முருகன் படம்தான் மாட்டியிருக்கும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இது யாருண்ணே?"

"அந்தோனியார். காணாம போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற எங்க வேதத்து சாமி. டைரக்டரி பேரு எட்டு எழுத்துக்கு மேல போவக்கூடாது. எண்ணிப் பாரு, கரெக்டா எட்டு லா!"

உண்மையில், பழைய பாதையில் ஒரு சாய்கோட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். புதிதாக டைப் செய்தபோது அது தானாகவே சரியாகிவிட்டது. சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ஃபேக்டரிக்காரன் வேண்டாம் என்றால் சவரி மறுபடி டைப்ரைட்டருக்கு, நான் வீட்டுக்கு.

ஃபேக்டரி கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் காப்பி செய்தது நான்தான். அடுத்தவர் மெஷினில் சாமி பெயரா என்று கூச்சப்பட்டு, டைரக்டரிக்கு LIBRARY என்று பெயர் வைத்தேன். பில்ட் ஃபைலில் பாதையை மாற்ற மறந்தேன்...

ஏற்கெனவே பில்ட் செய்த புரோகிராம் என்பதால் முதல் கிராஃப் அழகாக வந்தது. சீன மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். தலைப்பை மட்டும் மலாயில் மாற்றச் சொன்னார். அண்ணன் மாற்றிவிட்டு மறுபடி பில்ட் செய்தார்.

திரை முழுக்க ANTONIAR, ANTONIAR... வரிக்கு வரி NOT FOUND.

மேனேஜர் குனிந்து படித்தார். "சியாப்பா அந்தோனியார்? மானா டியா?" யார் அவர், எங்கே அவர் என்கிறார்!

அண்ணன் கூசாமல் சொன்னார்: "எங்க ஆபீஸ் சீனியர், துவான். சுடா ஜாலான்." ஐயா, அவர் கிளம்பிவிட்டாராம்!

"முக்கியமான நாளில் இவ்வளவு லேட்டா?" என்று மேனேஜர் மலாயில் திட்டிக்கொண்டே காப்பி குடிக்கப் போனார்.

அண்ணன் டைரக்டரிகளை ஒரு பார்வை பார்த்தார். LIBRARY. பிறகு என்னை ஒரு பார்வை. ANTONIAR என்று புதிதாக ஒன்று திறந்து, எல்லாவற்றையும் அதில் காப்பி செய்து, பில்ட்டைத் தட்டினார். ஓடியது!

மேனேஜர் திரும்பி வரும்போது மலாய்த் தலைப்போடு கிராஃப் நின்றது. "அவர் வந்து சரிபண்ணிட்டுப் போயிட்டார், துவான்" என்றார் அண்ணன்.

அந்த வருடக் கடைசியில் ஃபேக்டரியிலிருந்து மூன்று கேலண்டர் வந்தன. ஒன்றில் "மிஸ்டர் அந்தோனியார்". முதலாளி ஊழியர் பெயர்ப் பட்டியலையே எடுத்துத் தேடினார். அண்ணன் அந்தக் கேலண்டரை அந்தோனியார் கோயிலில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, "உரியவர்கிட்ட சேத்தாச்சு" என்றார்.

ஃபேக்டரியில் கிராஃப் காட்டிய அன்று, காரில் திரும்பும்போது நானே ஒத்துக்கொண்டேன். "நான்தாண்ணே பேர மாத்துனேன்."

"தெரியும். பசிக்குதா?"

அவ்வளவுதான். ரொட்டி சானாய் கடையில் நிறுத்தினார். முதலாளிக்குக் கடைசிவரை தெரியாது. அதன்பிறகு பதினோரு வருடம் நான் அந்த மேசையில் வேலை பார்த்தேன்.

நாளைக் காலை அடக்கம். நான் பினாங்கிலிருந்து வருகிறேன். இங்கே இரவிலிருந்தே மழை...

மெதுவாப் போங்கண்ணே. ரோடு ஈரமா இருக்கு.