கம்பளிக்கு வெளியே தெரிந்த பாதங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலின் சிவப்புக் கம்பளியும், அதற்கு வெளியே நீண்டிருந்த என் தந்தையாரின் பாதங்களும் இன்றும் கண்முன் நிற்கின்றன. சப்பாத்தின்றி அவரை அந்நியர் கண்டது அன்றுதான். வெள்ளையர் ஆட்சியின் இறுதிக் காலம் அது. நான் கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். தந்தையார் அரசாங்கக் கந்தோரொன்றில் தலைமை இலிகிதர்; அந்த அலுவலகத்துக் கடிதங்களெல்லாம் அவர் கையால்தான் எழுதப்படும்.

வெள்ளவத்தையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே வைத்தியர்தான். அன்று காலை வீட்டுக்கு வந்து தந்தையாரின் வயிற்றை ஒருமுறை அழுத்தியவர், எழுந்துபோய்க் கை கழுவினார். "குடல்வால் போலக் கிடக்கு. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ." அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் அயலில் குலை நடுங்கும். அங்கு போய்த் திரும்பாதவர்களைப் பற்றி மட்டுமே சனங்கள் கதைத்தார்கள்.

அங்கிருந்த இளம் வைத்தியர், எங்கள் வைத்தியர் கொடுத்தனுப்பிய துண்டுக் கடிதத்தை வாசித்துவிட்டு வயிற்றில் கை வைத்தார்.

"ஐயா, நோகுதோ?"

"இல்லை."

"இஞ்ச?"

"ஒண்டுமில்லை. வரேக்கையே மாறிட்டுது."

எங்கள் குடும்பத்து ஆண்கள் நோவை வாயால் சொல்வதில்லை. அதை ஒரு குறையென்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால், "அப்பிடியெண்டால் வீட்டை போகலாம்" என்று அந்த இளைஞர் கூறியபோது முந்திய நாள் நடந்தது என் நினைவுக்கு வந்தது. தந்தையார் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததைக் கண்டவன் நான். எனினும், தந்தையின் சொல்லை அந்நியர் முன்னிலையில் மகன் மறுப்பது எங்கள் வீட்டில் நடவாத காரியம். அவருடைய கோட்டைக் கையில் ஏந்தியபடி, சாவதற்குத்தானா இவரை வீட்டுக்குக் கூட்டிச் செல்கிறேன் என்று எண்ணியபடி நின்றேன்.

அவ்வேளையில் எங்கள் வைத்தியர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். டிஸ்பென்சரியில் நோயாளிகள் காத்திருக்க, கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தார். வெள்ளவத்தையில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. இங்கோ அவர் வெறும் பார்வையாளர். வாசலில் காவலாளியிடம் கெஞ்சித்தான் உள்ளே வந்தாராம்.

"கந்தோரில ஒரு பொய் எழுதாத மனுசன், இஞ்ச வந்து என்ன பொய் சொல்லிக்கொண்டு கிடக்கிறியள்?"

தந்தையார் முகட்டைப் பார்த்தார்.

"தம்பி டொக்டர், இன்னொருக்கா அமத்துங்கோ. இந்த மனுசன்ர வாயைக் கேக்காதையுங்கோ, கால்விரலைப் பாருங்கோ. முன்னம் நான் முதுகில சீழ்க்கட்டு வெட்டேக்கையும் ஒரு சத்தமில்லை, விரல்தான் மடங்கினது. இஞ்ச வந்து என்ன சொல்லுமெண்டு தெரிஞ்சுதான் ஓடி வந்தனான்."

இளம் வைத்தியர் அழுத்தினார்.

"நோவில்லை" என்றார் தந்தையார். கம்பளிக்கு வெளியே விரல்கள் அத்தனையும் மடங்கி இறுகின.

அன்று மாலைக்குள் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்ததாம். அதன்பின் தந்தையார் பல்லாண்டு வாழ்ந்தார். நோவைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

சென்ற மாதம் நானும் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எங்கள் வைத்தியர் மறைந்து நெடுங்காலமாயிற்று. காலையில் ஒருவர், மாலையில் வேறொருவர் என வைத்தியர்கள் வந்துபோனார்கள். எல்லோரும் கெட்டிக்காரர், பண்பானவர். அவர்களுள் ஓர் இளம்பெண் என் வயிற்றில் கை வைத்து, "ஐயா, நோகுதோ?" என்று கேட்டார்.

"இல்லை, பிள்ளை" என்றேன்.

போர்வை என் பாதங்களை நன்றாக மூடியிருந்தது.