டீயில் கறுத்த மாத்திரை

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பாவுக்குக் கிட்னி கெட்டபோது நீங்கள் பிறந்திருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில் அவருக்கு டீக்கடை. ஒட்டினாற்போல் என் சைக்கிள் கடை. அவர் முகம் வெளுத்து, ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கினார். டாக்டர் ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார். அதில் தேறாவிட்டால் வேலூருக்குப் போய் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அண்ணனுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

மாதக்கணக்கில் விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை.

கால் வீங்குவதால் அவருக்குத் தண்ணீர் அளவாகத்தான். அந்த அளவையும் அவர் டீயாகவே குடித்தார். மாத்திரையும் டீயில்தான். ஏன் என்று கேட்டேன்.

"அதுக்குனு தனியா தண்ணி குடிச்சா, என் டீயில கொறையும்டா."

ஒருநாள் மாத்திரை கை நழுவிப் பால் ஊற்றாத டீயில் விழுந்தது. ஆட்கள் வந்துவிட்டதால் டம்ளரை மறந்துவிட்டார். பிறகு பார்த்தால், மேல்பூச்சு கரைந்து டீ மையாகக் கறுத்திருந்தது.

பெஞ்சில் இருந்த பூக்காரர், "இன்னாண்ணே, பேனாவுக்கு ஊத்தப் போறியா?" என்றார்.

என்னை அது சும்மா விடவில்லை. இன்னொரு மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டு வைத்தேன். கரைந்தது, கறுக்கவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் சொன்னேன். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்றார். மூத்திரம் பிரிக்கிற கிட்னிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டேன்.

"ரத்தம் செய்யச் சொல்லி எலும்புக்கு உத்தரவு போடறதே கிட்னிதாங்க. இவருக்கு அந்த உத்தரவு கம்மி. இரும்பாவது ஒழுங்கா போய்ச் சேரட்டும்."

மறுநாளிலிருந்து எழுந்ததும் ஒரு வாய் தண்ணீரில் மாத்திரை, வெகுநேரம் கழித்துத்தான் டீ. விடிகாலையில் முதல் டீயைக் குடித்துப் பதம் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. நான் நன்றாயிருக்கிறது என்றால் நம்ப மாட்டார். டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

அடுத்த சோதனையில் ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது, முழுசாக இல்லை. இப்போதைக்கு வேலூர் வேண்டாம் என்றார் டாக்டர். அந்த உத்தரவு எலும்புவரை எப்படிப் போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டர் மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று அண்ணன் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.